வீவக வீட்டு ஃப்ரிட்ஜில் ஒரு குளிர்காலம்: குளிர்நாட்டுக் காட்டுச்செடி வளர்க்கத் தொடங்குவோருக்கு

ப்ரிம்ரோஸ், ஃபாக்ஸ்குளோவ், ட்யூலிப் என்று குளிர்நாட்டு மலைச்சரிவுகளிலும் காட்டோரங்களிலும் தானாக முளைக்கும் செடிகளை சிங்கப்பூரில் நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வளர்க்க முடியுமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிலவற்றை வளர்க்கலாம். சிலவற்றை ஒரே ஒரு முறை பூக்கவைத்துப் பார்க்கலாம். மீதியை நினைக்கவே வேண்டாம். எது எந்த ரகம் என்பதைக் காசு கொடுத்து வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. அந்த வழியை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் வாசலில் பனி கொட்டும் ஊர்க்காரர்கள் எழுதியவை. இலையுதிர்காலத்தில் விதையைத் தூவிவிடுங்கள், மற்றதைக் குளிர்காலம் பார்த்துக்கொள்ளும் என்று முடித்துவிடுவார்கள். நமக்கு அந்தக் குளிர்காலத்தையே செய்ய வேண்டியிருக்கிறது.

சிங்கப்பூரில் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் 12 மணி நேரத்தை ஒட்டியே நிற்கும். பத்து நிமிடம்கூட வித்தியாசம் வராது. விடியற்காலையிலும் 24, 25 டிகிரி. குளிர்காலம் வருகிறது என்று ஒரு செடிக்குச் சொல்லும் இரண்டு செய்திகளும், அதாவது குறுகும் பகலும் இறங்கும் வெப்பமும், இங்கே இல்லை. அதனால் செடி எந்தக் குளிரை எதற்காக எதிர்பார்க்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

1. முழுப்பெயரைக் கண்டுபிடியுங்கள்

பொட்டலத்தில் இருக்கும் அழகான பெயரை நம்பாதீர்கள். ‘ப்ளூபெல்’ என்று இங்கிலாந்தில் சொன்னால் அது மண்ணுக்கடியில் கிழங்கு உள்ள ஹயசிந்தாய்டஸ் நான்-ஸ்கிரிப்டா. அதே ‘ப்ளூபெல்’ ஸ்காட்லாந்தில் கம்பானுலா ரொட்டுண்டிஃபோலியா. அதற்குக் கிழங்கே கிடையாது, குடும்பமும் வேறு. இரண்டுக்கும் குளிர்காலத் தேவை ஒன்றல்ல. விற்பவரிடம் இரண்டு சொல் கொண்ட அறிவியல் பெயரைக் கேளுங்கள். கொடுக்கத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

பெயர் கிடைத்ததும் லண்டன் கியூ தாவரவியல் பூங்கா நடத்தும் ‘பிளான்ட்ஸ் ஆஃப் த வேர்ல்டு ஆன்லைன்’ தளத்தில் தேடுங்கள். இலவசம். அந்தச் செடி இயற்கையாக வளரும் நாடுகள் வரைபடத்தில் தெரியும். அதோடு கிழங்குச் செடியா, ஓராண்டுச் செடியா, பல்லாண்டுச் செடியா, புதரா, மரமா என்றும், எந்தத் தட்பவெப்ப மண்டலத்தில் பெரும்பாலும் வளர்கிறது என்றும் ஒரே வரியில் இருக்கும். நமக்கு வேண்டியது அந்த வரிதான்.

குடும்பப் பெயரை வைத்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள். சூரியகாந்திக் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கார்ன்ஃப்ளவர் ஓராண்டில் முடிந்துபோகும்; டான்டெலியன் தரையோடு ஒட்டிக் கிடந்தே குளிரைக் கடக்கும்; டாலியா கிழங்குக்குள் ஒடுங்கும். பூவின் அமைப்பைப் பார்த்துச் செய்யும் வகைப்பாடு யார் யாருக்கு உறவு என்று சொல்லும். குளிரை எப்படித் தாண்டுகிறார்கள் என்று சொல்லாது. அதற்கு வேறொரு வகைப்பாடு இருக்கிறது.

2. அடுத்த ஆண்டின் குருத்து எங்கே ஒளிந்திருக்கிறது?

டென்மார்க்கைச் சேர்ந்த ரௌங்கியர் என்ற தாவரவியலாளரின் முறை இது. மோசமான பருவத்தில் செடியின் குருத்து தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஒன்றே கேள்வி. அதன்படி ஐந்து முக்கியப் பிரிவுகள். நம் வீட்டில் எது நடக்கும், எது நடக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் எனக்குத் தெரியாது.

முதலாவது, குருத்து தரையிலிருந்து கால் மீட்டருக்கு மேலே, காற்றில் நிற்கும் மரங்களும் புதர்களும். பிர்ச், காட்டு ஆப்பிள், பைன் எல்லாம் இதில் சேரும். குளிரை நேருக்கு நேர் வாங்கிக்கொள்பவை இவை. இலையுதிர்காலத்தில் பகல் குறையத் தொடங்கியதும் இலையை உதிர்த்து, குருத்தைச் செதில்களால் மூடிக்கொள்கின்றன. உயிரணுக்களில் சர்க்கரையையும் சில புரதங்களையும் சேர்க்கின்றன. உயிரணுச் சவ்வின் கொழுப்பு, குளிரில் இறுகிவிடாத வகைக்கு மாறுகிறது. வெப்பம் மேலும் இறங்கும்போது பனிக்கட்டி உயிரணுவுக்கு உள்ளே உருவாகாமல் வெளியே உள்ள இடைவெளிகளில் உருவாகிறது. அது உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்க, உள்ளே மிஞ்சும் கரைசல் கெட்டியாகி, உறைவது கடினமாகிறது. இதெல்லாம் ஒரே இரவில் நடப்பதில்லை, வாரக்கணக்கில் பழக வேண்டும். வடதுருவத்தை ஒட்டிய காடுகளில் சனவரி மாதத்தில் பூஜ்யத்துக்குக் கீழ் 40 டிகிரியைத் தாங்கும் கிளை, சூலையில் சில டிகிரி உறைபனியிலேயே கருகிவிடும். சிங்கப்பூரில் வளர்ந்த கன்றைத் திடீரென்று ஃப்ரீசருக்குள் வைத்தால் என்ன ஆகும் என்று இதிலிருந்தே புரியும்.

மரங்களை விட்டுவிடுங்கள் என்பது என் ஆலோசனை. ஆப்பிள் மரம் வகையைப் பொறுத்துப் பல நூறு மணி நேரக் குளிரைக் கணக்கில் எடுத்த பிறகே ஒழுங்காகத் துளிர்க்கும். இந்தோனேசியாவின் கிழக்கு சாவகத்தில் ‘பத்து’ என்ற மலையூரில் ஆப்பிள் காய்க்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். அங்கே அறுவடை முடிந்ததும் ஆட்களை வைத்து இலைகளைக் கையால் உருவிவிடுகிறார்கள். மரம் உறக்கத்துக்குள் போகாமலே அடுத்த சுற்றுக்குப் பூக்கிறது. அங்கே மலை இருக்கிறது, ஆள் இருக்கிறது. நமக்கு இருப்பது தாழ்வாரம்.

இரண்டாவது, கால் மீட்டருக்குக் கீழே குருத்து வைத்திருக்கும் குட்டைப் புதர்களும், மலையுச்சிப் பாறைகளில் மெத்தைபோல் பரவும் செடிகளும். ஹெதர் இந்தப் பிரிவு. பனி இவற்றின் மேல் போர்வையாக விழுகிறது. பனிக்குள் காற்று அடைபட்டிருப்பதால் மேலே எவ்வளவு குளிர்ந்தாலும், தடிமனான பனிக்கு அடியில் தரை பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். இவற்றுக்குக் குளிர்காலத்தை நாம் செய்துகொடுத்தாலும் கோடைக்காலத்தைத் தர முடியாது. நம் வெக்கையான இரவு இவற்றைத் தின்றுவிடும். வேண்டாம்.

மூன்றாவது பிரிவில் ஆசை காட்டி ஏமாற்றும் செடிகள் இருக்கின்றன. குருத்து சரியாக மண்மட்டத்தில். இலைகள் தரையோடு வட்டமாகப் படிந்திருக்கும். ப்ரிம்ரோஸ், டான்டெலியன், முதல் ஆண்டு ஃபாக்ஸ்குளோவ் எல்லாம் இங்கே. ஃபாக்ஸ்குளோவ் விதை நம் வீட்டு ஏர்கான் அறையில் எந்தக் குளிரூட்டலும் இல்லாமல் முளைக்கும். இலை இலையாக விடும். பார்க்கிறவர்கள் பாராட்டுவார்கள். பூ மட்டும் வராது. வாரக்கணக்கில் குளிரை அனுபவித்தால்தான் பூக்கலாம் என்ற அனுமதி அதன் குருத்துக்குக் கிடைக்கும். இப்படிக் குளிருக்குப் பிறகே பூக்கும் ஏற்பாடு நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த காய்கறிகளிலும் உண்டு: முட்டைக்கோஸும் கேரட்டும் சமவெளியில் விதைக்கு நிற்காததன் காரணம் இதுதான்.

நான்காவது பிரிவு நமக்கானது. குருத்து மண்ணுக்குள், கிழங்கில். ட்யூலிப், குங்குமப்பூ, ஸ்னோட்ராப், ஹயசிந்த் எல்லாம். நடு ஆசியாவின் தியான்ஷான் மலைப்பகுதியில் காட்டு ட்யூலிப் குளிரிலிருந்தும், கோடையின் வறட்சியிலிருந்தும் ஒளிய மண்ணுக்குள் போகிறது. நம் செங்காந்தளும் இதே பிரிவுதான். அது குளிருக்குப் பயந்து ஒளிவதில்லை, வறண்ட மாதங்களுக்காக ஒளிகிறது. கிழங்கு உறக்கத்தில் இருக்கும்போது வெளிச்சம் வேண்டாம், மண் வேண்டாம், இடமும் அதிகம் வேண்டாம். ஆகவே ஃப்ரிட்ஜில் அடங்கும்.

ஐந்தாவது, செடியே செத்துப்போய் விதை மட்டும் குளிரைக் கடக்கும் ஓராண்டுச் செடிகள். கார்ன்ஃப்ளவர், வயல் பாப்பி போன்றவை. செலவு குறைவு, தவறினால் நட்டமும் குறைவு. புதிதாகத் தொடங்குபவர்கள் நான்கிலும் ஐந்திலும் நின்றுகொள்ளுங்கள். பிறகு துணிவு வந்தால் மூன்றுக்குப் போகலாம்.

3. தாங்கும் குளிர் வேறு, கேட்கும் குளிர் வேறு

பொட்டலத்தில் ‘மண்டலம் 4 முதல் 8’ என்று அச்சிட்டிருப்பார்கள். அமெரிக்க வேளாண் துறையின் மண்டல எண் அது. ஓர் இடத்தில் ஆண்டின் மிகக் குளிர்ந்த இரவு சராசரியாக எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதை வைத்துப் போட்டது. செடி எவ்வளவு குளிரைத் *தாங்கும்* என்று அதிலுள்ள சிறிய எண் சொல்லும். எத்தனை வாரக் குளிர் அதற்குத் *தேவை* என்று எந்த எண்ணும் சொல்லாது. நாம் பார்க்க வேண்டியது தேவையை.

தேவை மூன்று விதம். முளைக்க விதை கேட்கும் ஈரக்குளிர். பூக்கச் செடி கேட்கும் குளிர். உறங்கும் குருத்து மறுபடி விழிக்கக் கேட்கும் குளிர். ஒரே செடிக்கு ஒன்று இருக்கலாம், இரண்டு இருக்கலாம். கௌஸ்லிப் என்ற ப்ரிமுலா வெரிஸின் விதைக்கு ஈரக்குளிர் வேண்டும். காட்டுப் பியோனி விதை இன்னும் பிடிவாதம்: முதலில் வெதுவெதுப்பில் வேர் விடும், அதன் பிறகு குளிர் கொடுத்தால்தான் தண்டு வெளியே வரும். ட்ரில்லியம் இரண்டு குளிர்காலம் கேட்கும். இந்த இரண்டையும் இப்போதைக்குத் தொடாதீர்கள்.

“ஊட்டியில் வளர்கிறதே, இங்கே வராதா?” என்று கேட்பார்கள். உதகமண்டலம் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சனவரி விடியலில் அங்கே புல்லின் மேல் உறைபனி படியும். நம் தீவின் மிக உயர்ந்த இடமான புக்கிட் தீமா குன்று 164 மீட்டர்தான்.

சிங்கப்பூரின் கரையோரப் பூந்தோட்டங்களில் உள்ள குளிரூட்டிய கண்ணாடி மலர்க்கூடத்தைப் பார்த்து நம்பிக்கை வைப்பவர்களும் உண்டு. நல்ல இடம், போய்ப் பாருங்கள். ஆனால் அங்கே 23 முதல் 25 டிகிரி; மத்தியத் தரைக்கடல் போன்ற மிதமான, வறண்ட பகுதிகளின் செடிகளுக்கு அது போதும். உறைபனிக்காலம் அந்தக் கண்ணாடிக்குள்ளும் இல்லை.

4. தாள்கள்: இதில்தான் பணமும் நேரமும் போகும்

சிங்கப்பூருக்குள் செடி வருவதைக் கவனிப்பது தேசியப் பூங்காக் கழகம். வேருள்ள செடியோ கிழங்கோ வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமென்றால் இரண்டு தாள்கள் முக்கியம். ஒன்று, ஏற்றுமதி செய்யும் நாட்டின் அரசுத் தாவரப் பாதுகாப்பு அமைப்பு கொடுக்கும் தாவர நலச் சான்றிதழ். பூச்சியோ நோயோ இல்லை என்பதற்கு அத்தாட்சி. மற்றது, இங்கே நாம் வாங்கும் இறக்குமதி அனுமதி. அது டிரேட்நெட் என்ற அரசு இணைய அனுமதி முறை வழியாகப் போகும். நம்மைப் போன்ற தனியாட்கள் பெரும்பாலும் ஒரு முகவரை வைத்துத்தான் அதைச் செய்கிறார்கள். விதைக்கான விதி செடிக்கான விதியைப் போன்றதல்ல, வகைக்கு வகை மாறும். அறிவியல் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு கழகத்தின் இணையப்பக்கத்தில் பார்த்துவிட்டு, பிறகு வாங்குங்கள். வாங்கிவிட்டுப் பார்க்காதீர்கள்.

வெளிநாட்டு விற்பனையாளர் “சான்றிதழ் வேண்டாம், பரவாயில்லை, அனுப்பிவிடலாம்” என்று சொன்னால் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பொட்டலம் பறிமுதலானால் போகப்போவது உங்கள் பணம், அவருடையதல்ல. சான்றிதழுக்கு அவர்கள் தனிக் கட்டணம் கேட்பது வழக்கம். ஐந்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) விதைக்கு அதைப்போலப் பல மடங்கு கட்டணம் வரும். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பட்டியலாக வாங்கினால் பங்கு குறையும்.

வெட்டுச்செலவு குறைய இன்னொரு வழி: தாம்சன் ரோட்டுப் பக்கம் இருக்கும் பெரிய நர்சரிகளில் கேளுங்கள். அவர்களே தாள்களோடு இறக்குமதி செய்திருப்பார்கள். விலை கூடுதலாகத் தெரியும். கணக்குப் போட்டால் மலிவு.

பலரைச் சிக்கவைக்கும் இரண்டு செடிகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதலாவது ஸ்னோட்ராப். பார்க்கச் சாதுவான வெள்ளைப்பூ. அது சேர்ந்த காலாந்தஸ் இனம் முழுவதும் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. காட்டு சைக்ளமென் கிழங்கும் அப்படித்தான். தாவர நலச் சான்றிதழ் மட்டும் போதாது, சைட்டிஸ் அனுமதியும் வேண்டும். காட்டிலிருந்து கிழங்கைத் தோண்டி விற்பதைத் தடுக்க வந்த விதி. எனக்கு அதில் குறை எதுவுமில்லை.

இரண்டாவது பாப்பி. ஊரிலிருந்து வரும்போது கசகசா கொண்டுவரக்கூடாது என்பது சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களுக்குத் தெரிந்த சங்கதி. அந்தக் கசகசா பபாவர் சோம்னிஃபெரம் என்ற அபினிப் பாப்பியின் விதை. அந்தச் செடியை வளர்ப்பது போதைப்பொருள் சட்டத்தின்கீழ் பெருங்குற்றம். வயல் பாப்பியான பபாவர் ரோயாஸ் வேறு இனம். ஆனால் ‘கலவைக் காட்டுப்பூக்கள்’ என்று விற்கும் பொட்டலத்துக்குள் எந்தப் பாப்பி இருக்கிறது என்று விதையைப் பார்த்துச் சொல்ல நம்மால் முடியாது. கலவைப் பொட்டலமே வேண்டாம். பாப்பியையும் தவிர்த்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். அந்த ஒரு பூவுக்காக இவ்வளவு விளக்கம் சொல்லும் நிலைக்குப் போக வேண்டாம்.

வரி: வெளிநாட்டு இணையக் கடைகளில் 400 வெள்ளிக்குக் குறைவாக வாங்கும் பொருளுக்கும் 2023 சனவரி 1 முதல் பொருள் சேவை வரி உண்டு. 2024 முதல் விகிதம் 9 விழுக்காடு. பதிவு செய்த கடையென்றால் பணம் கட்டும்போதே சேர்த்துவிடும்.

ஒரு விதைகூட நம் இயற்கை வனப்பகுதிகளில் பறிக்கக்கூடாது, அங்கே எதையும் நடவும் கூடாது. பயிற்சிக்குப் பறிக்கிறேன் என்பது சாக்காகாது.

5. ஃப்ரிட்ஜில் வைக்கும் முறை

அனுமதித் தாள் எதுவும் வேண்டாத பயிற்சியிலிருந்து தொடங்குங்கள். பேரங்காடியில் வாங்கிய ஆப்பிளின் விதையை எடுங்கள். கழுவி, ஈரமான சமையலறைத் தாளில் பரப்பி, மடித்து, ஜிப் பையில் போட்டு, தேதி எழுதி வையுங்கள். 60 முதல் 90 நாளில் வெள்ளை வேர் எட்டிப்பார்க்கும். குளிர்கிடங்கில் பல மாதம் இருந்த பழமானால் இன்னும் சீக்கிரமாகவே முளைத்துவிடும். மரமாகிக் காய்க்காது என்று மேலேயே சொன்னேன். கை பழகத்தான் இது.

ஈரத்தின் அளவு முக்கியம். தாளைப் பிழிந்தால் சொட்டக்கூடாது, தொட்டால் ஈரம் தெரிய வேண்டும். காய்ந்த விதையைக் குளிரில் வைத்தால் அது வெறும் சேமிப்பு, உறக்கம் கலையாது. விதை நீரை உறிஞ்சியிருந்தால்தான் குளிரைக் கணக்கில் எடுக்கும். தாளுக்குப் பதில் பெர்லைட் என்ற வெள்ளைக் கல்துகளோ கழுவிய மணலோ நீண்ட நாளுக்கு நல்லது.

வெப்பநிலை 1 முதல் 5 டிகிரி. சின்னத் தெர்மாமீட்டர் ஒன்றை உள்ளே வைத்துப் பாருங்கள். கதவிலுள்ள எண்ணை நம்ப வேண்டாம். பின்சுவரை ஒட்டி வைத்தால் உறையும். கதவில் வைத்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடாகும். கீழ்த்தட்டின் நடுப்பகுதி சரி. குளிர் என்றால் ஃப்ரீசர் இன்னும் நல்லது என்று நினைப்பது பொதுவான பிழை. ஈரம் குடித்த விதை ஃப்ரீசரில் செத்துப்போகும். சாகாவிட்டாலும் உறைநிலைக்குக் கீழே கழியும் நேரம் உறக்கம் கலைவதற்கு உதவாது.

வாரம் ஒரு முறை திறந்து பாருங்கள். பூஞ்சை இருந்தால் விதையைக் கழுவித் தாளை மாற்றுங்கள். வேர் வந்த விதையை அன்றே மண்ணுக்கு மாற்றுங்கள். ப்ரிம்ரோஸ், ஃபாக்ஸ்குளோவ் விதைகளை மண்ணால் மூடாதீர்கள்; அவை வெளிச்சம் பட்டு முளைப்பவை.

கிழங்கின் விதிகள் வேறு. ஈரம் கூடாது, பிளாஸ்டிக் பை கூடாது. காகிதப் பை அல்லது வலைப் பை. 4 முதல் 7 டிகிரி. ட்யூலிப்புக்கு 12 முதல் 16 வாரம், ஹயசிந்துக்கு 10 முதல் 14 வாரம். அதே ஃப்ரிட்ஜில் ஆப்பிள், பேரிக்காய், பழுத்த மாம்பழம் இருக்கவே கூடாது. பழம் விடும் எத்திலீன் வாயு கிழங்குக்குள் இருக்கும் பூமொட்டைக் கொன்றுவிடும். வெளியே எந்த அடையாளமும் தெரியாது. மூன்று மாதம் காத்திருந்து, இலை மட்டும் வரும்போதுதான் விஷயம் புரியும். பழம் தின்னாத வீடு ஏது? அதனால்தான் பலர் கடைசியில் தனியாகச் சின்ன ஃப்ரிட்ஜ் வாங்குகிறார்கள்.

இதைப் பெரிய எழுத்தில் படியுங்கள்: கிழங்கு வெங்காயம் போலவே இருக்கும். டாஃபடில், ஹயசிந்த் கிழங்குகள் நஞ்சு. ட்யூலிப்பும் வயிற்றைக் கலக்கும். நம் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து சாம்பாருக்கு வெங்காயம் எடுப்பவர் நீங்கள் மட்டுமல்ல. அம்மா, மாமியார், வீட்டுப் பணிப்பெண் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். மூடியுள்ள டப்பாவுக்குள் காகிதப் பையை வைத்து, அவரவர் மொழியில் எழுதி ஒட்டுங்கள். டப்பா மூடியில் காற்றுக்கு நாலு துளை போதும். ஃபாக்ஸ்குளோவ் செடியும் முழுக்க நஞ்சு. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அது வேண்டாம்.

மூன்றாம் பிரிவுச் செடியைப் பூக்கவைக்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: இலையோடு இருக்கும் செடியை இருட்டு ஃப்ரிட்ஜில் எட்டு வாரம் வைத்தால் நலிந்துவிடும். உள்ளே சின்ன எல்இடி விளக்கு வேண்டும். ஒயின் ஃப்ரிட்ஜ் வாங்கி அதில் விளக்கு கட்டுபவர்கள் உண்டு. அந்த அளவுக்குப் போவது பைத்தியம் முற்றிய பிறகு.

வீட்டு ஆர்க்கிட்டையோ மல்லிகையையோ “இதுவும் கொஞ்சம் குளிரட்டும்” என்று உள்ளே வைத்துவிடாதீர்கள். வெப்பமண்டலச் செடிகளில் பல, உறைநிலைக்கு வெகு முன்பே, 10, 12 டிகிரியிலேயே அடிபட்டுவிடும்.

6. நாள் எண்ணும் முறை

பூக்க வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ட்யூலிப்புக்குக் குளிர் 14 வாரம், வெளியே வந்து பூக்க ஏறத்தாழ 4 வாரம், ஆக 18 வாரம்.

பொங்கலுக்குப் பூ வேண்டுமென்றால் செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் கிழங்கு ஃப்ரிட்ஜுக்குள் இருக்க வேண்டும். நெதர்லாந்துக் கிழங்கு அப்போதுதான் கடைக்கு வரவே தொடங்கும். தாள்கள் முடிந்து நம் கைக்கு வர அக்டோபர், நவம்பர் ஆகிவிடும். பொங்கலை விட்டுவிட்டுச் சித்திரைப் புத்தாண்டை வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் முதல் வாரத்தில் வைத்தால் மார்ச் நடுவில் வெளியே எடுத்து, ஏப்ரல் 14-க்கு நெருக்கமாகப் பூக்கும். ஆகஸ்ட் 9 தேசிய தினத்துக்குச் சிவப்பும் வெள்ளையுமாக வேண்டுமென்றால் தென்கோள நாடுகளின் கிழங்கைத் தேடுங்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் உள்ளே வையுங்கள்.

இத்தனை வாரம் பொறுமை இல்லாதவர்கள் ஏற்கெனவே குளிரூட்டிய கிழங்கு உண்டா என்று நர்சரியில் கேட்கலாம். விலை கூடும். வாங்கிய அன்றே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். வெளியே வைத்தால் குளிர் கணக்கு கெட்டுவிடும்.

7. வெளியே எடுத்த பிறகு

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேரே மதிய வெயில் அடிக்கும் தாழ்வாரத்தில் வைக்காதீர்கள். குளிர் முடிந்த கையோடு 30 டிகிரிக்கு மேல் வெப்பம் பட்டால், சில செடிகளில் அதுவரை வாங்கிய குளிரே அழிந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ட்யூலிப்பில் மொட்டு விரியாமலே காய்ந்துவிடும். குளிரின் கடைசிக் கட்டத்தில் கிழங்கைப் பையிலிருந்து எடுத்து, தொட்டியில் நட்டு ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வைத்து, தளிர் ஐந்து சென்டிமீட்டர் வரும்வரை அங்கேயே விட்டு, பிறகு ஏர்கான் படுக்கையறைக்கு மாற்றுங்கள். சன்னலோரம், ஆனால் நேர் வெயில் இல்லாத இடம். பகலில் ஏர்கானை நிறுத்துவீர்கள் என்றால் தொட்டியைத் தரையில், டைல்ஸ் மேல் வையுங்கள். அங்கே கொஞ்சம் குளிர்ச்சி.

தாழ்வாரத்தில் தொட்டி வைப்பவர்கள் நடைபாதை 1.2 மீட்டராவது தடையில்லாமல் இருக்கிறதா என்று அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். தீப் பாதுகாப்பு விதி. தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். ஏடிஸ் கொசு சோதனைக்கு வருபவரிடம் “இது ஆல்ப்ஸ் மலைச் செடி” என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அபராதம் அபராதம்தான்.

8. செலவு, பூத்த பிறகு என்ன

நான் கொடுத்த விலைகளைச் சொல்கிறேன். கடைக்குக் கடை மாறும். விதைப் பொட்டலம் 4 முதல் 10 வெள்ளி. பெர்லைட், ஜிப் பை, தெர்மாமீட்டர் மூன்றும் சேர்த்து 20 வெள்ளிக்குள். நர்சரியில் ட்யூலிப் கிழங்கு ஒன்றுக்குச் சில வெள்ளி. சின்ன ஃப்ரிட்ஜ் புதிதாக 150-க்கு மேல். கரோசெல்லில் பழையது பாதி விலைக்குக் கிடைக்கும், ஆனால் 5 டிகிரிக்குக் கீழே போகிறதா என்று நேரில் பார்த்து வாங்குங்கள். அதன் மின்சாரம் மாதம் ஐந்து வெள்ளி அளவில்தான். உண்மையான செலவு ஏர்கான். இரவுக்கு ஒரு வெள்ளி என்றாலும் நாலு வாரத்துக்கு 28 வெள்ளி. ஏற்கெனவே ஏர்கான் போட்டுத் தூங்கும் அறையிலேயே செடியையும் வைத்தால் அது மிச்சம். விதையோடு மட்டும் நிற்பவர்கள் மொத்தமே 30 வெள்ளிக்குள் முடித்துவிடலாம்.

ட்யூலிப் நம் ஊரில் ஒரு வாரம் தாக்குப்பிடித்தால் நல்ல காலம். பூ வாடிய பிறகு இலை குளிர்ந்த வசந்தத்தில் பல வாரம் பச்சையாக நின்று கிழங்கை நிரப்ப வேண்டும். இங்கே அந்த இலை சீக்கிரமே மஞ்சளாகிவிடும். அடுத்த ஆண்டுக்கு வைத்திருக்கலாம் என்று கிழங்கைச் சேமிக்காதீர்கள், பூக்காது. புளோக்கின் கீழே உள்ள புல்தரையிலும் புதைக்க வேண்டாம். குப்பையில் போட்டுவிட்டு, தொட்டியையும் மண்ணையும் வெயிலில் காயவிட்டு மறுபடி பயன்படுத்துங்கள். மிஞ்சிய விதையை மட்டும் சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப்புகாத சீசாவில் அடைத்து, முழுப்பெயரும் வாங்கிய மாதமும் எழுதி, அதே ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் காய்ந்த நிலையில் வைக்கலாம்.